ரேகையைத் திரும்பக் கேட்டவர்

1987-ஆம் வருஷக் கடைசி. மதுரைக்கு மேற்கே ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் பெஞ்ச் கிளார்க். கிணற்று மோட்டார் திருட்டு வழக்கு ஒன்றில் ஒரு பெரியவர் விடுதலையானார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மூன்று வருஷம் ஒரு வாய்தா தவறாமல் வந்தவர். விடுதலை என்று கேட்டதும் எல்லோரையும் போல வக்கீலைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடவில்லை. கோர்ட் கலைந்து, நான் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மேஜை ஓரமாக வந்து நின்றார்.

“சார், ஸ்டேஷன்ல என் பத்து வெரலையும் மையில உருட்டி எடுத்தாங்க. அந்தக் காயிதம் இன்னும் அவுங்ககிட்டதான் இருக்கு. அத வாங்கிக் குடுங்க சார்.”

நான் சிரித்துவிட்டேன். “அதெல்லாம் தரமாட்டாங்க பெரியவரே. விடுதலையாயிட்டீங்கல்ல, நிம்மதியா ஊருக்குப் போங்க” என்றேன்.

அவர் போகவில்லை. “எங்கய்யா ரேகை வச்சவரு சார். ராத்திரி ஆனா சாவடிக்குப் படுக்கப் போவாரு. நான் சின்னப் புள்ளையா கூடப் போயிருக்கேன். எம் பேருல ஒரு ரேகை கெடக்கக் கூடாது.”

அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் தன் மகன் விஷயமாக என்னிடம் வந்தார். அந்த விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இந்தப் பெரியவர்தான் கண்முன் நின்றார். ஒரு மனிதனைக் கைது செய்யும்போது அவன் உடம்பிலிருந்து அரசாங்கம் எதையெதை எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததை எப்போது விட வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலான சட்ட வரலாறு உண்டு. விரல் மையில் தொடங்கி இப்போது டிஎன்ஏவில் வந்து நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு “ரேகை” என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு அங்கே பெயரே கைரேகைச் சட்டம்தான். 1871-இல் வடக்கே தொடங்கிய அந்தச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எந்தச் சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவிக்கிறதோ, அந்தச் சாதியில் பிறந்ததே போதும், திருடியிருக்க வேண்டியதில்லை. பெயரைப் பதிய வேண்டும், ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பிரமலைக் கள்ளர்கள் மீது இது பாய்ந்தபோது பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க முடியாது என்று மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிய 1947 வரை ஆயிற்று. எனவே 1987-இல் என் முன்னால் நின்றவர், தன் சிறுவயதில் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.

சரி, மனு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் பிரிவின் கீழ்? வக்கீலுக்கும் தெரியவில்லை. எங்கள் மாஜிஸ்திரேட் அப்போதுதான் வேலைக்கு வந்த இளைஞர், புத்தகப் புழு. “கைதிகள் அடையாளச் சட்டம் என்று ஒன்று இருக்குமே, எடுத்துப் பாருங்கள்” என்றார். பீரோவின் அடித்தட்டில் கரையான் தொட்ட ஒரு தொகுப்பில் அது கிடைத்தது. மொத்தமே ஒன்பது பிரிவுதான். 1920-ஆம் வருஷத்து 33-ஆவது சட்டம். அந்த வருஷம் செப்டம்பரில் இயற்றியிருக்கிறார்கள். பெருங்காமநல்லூரில் ரத்தம் சிந்தி ஐந்தே மாதம். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது, ஆனால் தேதியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது.

இந்தச் சட்டம் ஏன் வந்தது? கைரேகையை வகைப்படுத்திக் கோப்பில் வைக்கும் வேலை கல்கத்தாவில் 1897-இலேயே தொடங்கிவிட்டது. உலகத்தின் முதல் கைரேகைக் கூடம் அதுதான். வகைப்படுத்தும் முறைக்கு ஹென்றி என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் வைத்தார்கள். அதன் கணக்கைப் போட்டுக் கொடுத்த அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள சப்-இன்ஸ்பெக்டர்களின் பெயரை நம் ஆட்களே மறந்துவிட்டார்கள். அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆக, ரேகை எடுக்கும் வழக்கம் நாடெங்கும் ஏற்கெனவே இருந்தது. அதற்குச் சட்டபூர்வமான அதிகாரம்தான் சரியாக இல்லை. ஒரு கைதி “தரமாட்டேன்” என்றால் என்ன செய்வது என்பதற்காக 1920-இல் சட்டம் போட்டார்கள்.

விரல் ரேகை, பாத ரேகை, போட்டோ. அவ்வளவுதான் எடுக்கலாம். ஒரு வருஷமோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்துக்குக் கைதானவரிடம் மட்டும் போலீஸ் ரேகை எடுக்கலாம். மறுத்தால் பலவந்தமாக எடுக்கலாம், மறுத்ததே ஒரு குற்றமும் ஆகும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது ஏழாவது பிரிவு. முன்பு அப்படிப்பட்ட குற்றத்துக்குத் தண்டனை பெறாத ஒருவர், விசாரணையின்றி விடப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, விடுதலை செய்யப்பட்டாலோ, அவரிடமிருந்து எடுத்த ரேகை, போட்டோ எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும், அல்லது அவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும். வேண்டாமென்று நினைத்தால் காரணத்தை எழுத்தில் பதிந்து கோர்ட் வேறு உத்தரவு போடலாம்.

அவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும்! வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் இப்படி ஒரு வரி. பிறப்பைக் காரணம் காட்டி ஒரு கூட்டத்தின் ரேகையை வாங்கிக்கொண்ட அதே அரசாங்கம், தனி மனிதனின் வழக்கில் “குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் அவன் ரேகை அவனுடையது” என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் கோர்ட் வேலை பார்த்தவன் நான், அந்த வரியை அதற்குமுன் படித்ததில்லை. நான் பார்த்த நூற்றுக்கணக்கான விடுதலைகளில் ஒருவர்கூட அதைக் கேட்டதுமில்லை. சட்டம் கட்டளையிட்டது, நிறைவேற்ற யாருக்கும் ஞாபகமில்லை.

மனு போட்டோம். மாஜிஸ்திரேட் ஒரே பாராவில் உத்தரவு எழுதினார். பதில் வர ஏழு மாதம். நடுவில் இரண்டு நினைவூட்டு.

இனி ரத்தத்துக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 20(3) தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்படி எந்தக் குற்றவாளியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அப்படியானால் ரேகையைக் கட்டாயப்படுத்தி வாங்குவது சரியா? இந்தக் கேள்விக்காக 1961-இல் சுப்ரீம் கோர்ட்டில் 11 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். பம்பாய் அரசு எதிர் கதி கலு ஓகட் என்பது வழக்கு. ரேகை என்பது மாற்ற முடியாத உடம்பு அடையாளம், அதைத் தருவது வாய் திறந்து சாட்சி சொல்வதாகாது என்று தீர்ப்பாயிற்று. பெருவிரலை மையில் வைப்பதைப் பற்றி யோசித்து எழுதிய தீர்ப்பு அது. பின்னால் ரத்தம், எச்சில், முடி எல்லாம் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன.

டிஎன்ஏ ரேகையை இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்தது 1984 செப்டம்பரில். அதைக் கொண்டு தீர்ந்த முதல் கொலை வழக்கும் அந்த ஊர்ப் பக்கத்தில்தான். 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். ஜெஃப்ரிஸ் சோதித்துப் பார்த்து, இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் இந்தப் பையன் இல்லை என்றார். டிஎன்ஏ கொலை வழக்கு சமாச்சாரத்தில் முதலில் செய்த காரியம் ஒரு நிரபராதியை விடுவித்தது என்பதை நான் எப்போதும் சொல்வேன். பொய்யாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவர்களை நானும் கூண்டில் பார்த்திருக்கிறேன்.

பிறகு அந்த வட்டாரத்தில் சுமார் 5,000 ஆண்களிடம், விருப்பப்பட்டவர்கள் தரலாம் என்று சொல்லி, ரத்தம் வாங்கினார்கள். கொலையாளி தனக்குப் பதிலாக உடன் வேலை பார்த்தவனை அனுப்பிவைத்தான். அந்த ஆள் மதுக்கடையில் உளறியதில் மாட்டினான். அது 1987 செப்டம்பர். எங்கள் பெரியவரின் மோட்டார் வழக்கு முடியும் தறுவாயில் இருந்த நாட்கள்தாம் அவை. மைக்காகிதத்தைக் கேட்டு இங்கே நாங்கள் மனு எழுதப்போன வருஷத்தில், அங்கே காலம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இந்தியாவில் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வுக்கூடத்தின் லால்ஜி சிங் அடுத்த ஓரிரு வருஷத்தில் நமக்கே உரிய முறையை உருவாக்கினார். தலச்சேரிக் கோர்ட்டில், தந்தை யார் என்ற வழக்கில் அது ஏற்கப்பட்டது. சட்டம் மட்டும் மெதுவாக வந்தது. போலீஸ் கேட்டால் டாக்டர் குற்றவாளியின் உடம்பைப் பரிசோதிக்கலாம் என்று 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொன்னது. அந்தப் “பரிசோதனை” என்ற சொல்லுக்குள் ரத்தம், விந்து, எச்சில், வியர்வை, முடி, நகத்துண்டு, டிஎன்ஏ எல்லாம் அடங்கும் என்று 2005-இல் திருத்தம் கொண்டுவந்து 2006 ஜூன் முதல் அமலாக்கினார்கள். பாலியல் வன்முறை வழக்குகளுக்கு 53-ஏ என்று தனியாக ஒன்று. தேவையான அளவு பலத்தைப் பிரயோகிக்கலாம் என்றும் இருந்தது. இந்தத் திருத்தம் நல்ல திருத்தம் என்பதுதான் என் கட்சி. குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்து போவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவன் நான். ரத்தக்கறை பிறழ்சாட்சி ஆகாது. ஆனால் வழக்கு முடிந்த பின் அந்த மாதிரிகளை என்ன செய்வது என்று 53-ஆம் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. 1920-இன் ஏழாவது பிரிவு பேசியது ரேகையையும் போட்டோவையும் மட்டும்.

இந்த இடத்தில் இங்கிலாந்து பட்டபாட்டைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் 1995-இல் தேசிய டிஎன்ஏ தரவுத்தளம் தொடங்கினார்கள். விடுதலையானால் அழித்துவிட வேண்டும் என்றுதான் அவர்கள் சட்டத்திலும் முதலில் இருந்தது. 2001-இல் அதை மாற்றி, விடுதலையானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வருஷம் வழிப்பறி முயற்சி என்று பதினோரு வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டு விடுதலையானான். இன்னொருவர், துணைவி கொடுத்த புகாரில் கைதாகி வழக்கு கைவிடப்பட்டவர். இரண்டு பேரும் எங்கள் ரேகையையும் மாதிரியையும் அழியுங்கள் என்று கேட்டார்கள். போலீஸ் மறுத்தது. உள்ளூர்க் கோர்ட்டுகள் எல்லாம் கைவிரித்தன. 2008 டிசம்பர் 4-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சிறுவன் பக்கம் தீர்ப்பளித்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவரைக் குற்றவாளியோடு ஒரே பெட்டியில் வைப்பது அவருடைய தனி வாழ்வை மதிப்பதாகாது என்பது சாரம். 2012-இல் இங்கிலாந்து சட்டத்தைத் திருத்தியது; அதன் பேரில் லட்சக்கணக்கான பேருடைய பதிவுகள் அழிக்கப்பட்டன.

தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இதைத்தானே எங்கள் பெரியவர் மேஜை ஓரமாக நின்று கேட்டார் என்பது.

ரேகைக்கும் டிஎன்ஏவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. என் பெருவிரல் ரேகை என்னைப் பற்றி மட்டும்தான் பேசும். என் ரத்தம் என் தம்பியைப் பற்றியும், என் மகனைப் பற்றியும், இன்னும் பிறக்காத கொள்ளுப் பேரனைப் பற்றியும் பேசும். 2003-இல் இங்கிலாந்தில் நெடுஞ்சாலையின் நடைபாலத்திலிருந்து எவனோ செங்கல்லை வீச, அதில் ஒரு லாரி ஓட்டுநர் இறந்துபோனார். செங்கல்லில் இருந்த டிஎன்ஏ தரவுத்தளத்தில் யாரோடும் பொருந்தவில்லை. கிட்டத்தட்டப் பொருந்துகிறவர்களைத் தேடினார்கள். உறவினர் ஒருவரின் பதிவு கிடைத்தது. அந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போய் ஆளைப் பிடித்தார்கள். அவன் குற்றவாளிதான், தண்டனையும் சரிதான். இருந்தாலும், ஒருவரின் மாதிரி கோப்பில் இருந்தால் ஒரு குடும்பமே பாதி கோப்பில் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. பெருங்காமநல்லூர்ப் பக்கம் வளர்ந்த எனக்கு, ரத்த உறவை வைத்து ஆளைத் தேடுவது என்றாலே உள்ளே ஏதோ ஒன்று நெருடும். அறிவியல் வேறு, குற்றப் பரம்பரைச் சட்டம் வேறு என்று புத்திக்குத் தெரியும்தான்.

நம் நாட்டில் 2022 ஏப்ரலில் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 4 முதல் அமலில் இருக்கிறது. விரல், உள்ளங்கை, பாதம், போட்டோ, கருவிழி, விழித்திரை, உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகளும் அவற்றின் ஆய்வும், கையெழுத்து, எல்லாம் “அளவுகள்” என்ற ஒரே சொல்லுக்குள். ஒரு வருஷக் கடுங்காவல் என்ற பழைய வரம்பு போய்விட்டது. எந்தக் குற்றத்துக்குக் கைதானாலும் எடுக்கலாம். ஒரு விலக்கு உண்டு. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றமாகவோ, ஏழு வருஷத்துக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமாகவோ இல்லாவிட்டால், கைதானவர் ரத்தம், எச்சில் போன்ற மாதிரிகளைத் தர மறுக்கலாம். மறுக்கலாம் என்பதை ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனில் நிற்கிறவருக்கு யார் சொல்வது என்பது என் கேள்வி.

பதிவுகள் தேசியக் குற்ற ஆவணக் கூடத்தில், எடுத்த நாளிலிருந்து 75 வருஷம் இருக்கும். பத்தொன்பது வயதில் கைதானால் தொண்ணூற்று நான்கு வயது வரை. ஏழாவது பிரிவு? அது முழுதாகப் போய்விடவில்லை. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் எல்லாச் சட்டப் பரிகாரங்களும் தீர்ந்த பிறகு. அப்பீல், அதன் மேல் அப்பீல் என்று அது எத்தனை வருஷம் ஓடும் என்பது கட்டுகளைச் சுமந்த எனக்குத் தெரியும். அழிக்கக் கோரும் மனுவை மாநிலத்தின் பொறுப்பு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று அந்த வருஷம் செப்டம்பரில் வந்த விதிகள் சொல்கின்றன. அதாவது, கேட்டால்தான். டிஎன்ஏவுக்கென்று தனிச்சட்டம் வரும், அதில் ஆய்வுக்கூடங்களுக்கும் மாதிரிகளுக்கும் விதிமுறை வரும் என்றார்கள். 2019-இல் லோக்சபாவில் வைத்த அந்த மசோதாவை 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நம் பெரியவரின் காகிதம் ஏழாவது மாதம் பழுப்பு உறையில் வந்தது. கடிதம் போட்டு வரவழைத்தோம். மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும்; அவருக்கு எழுதத் தெரியாது. பெருவிரலை நீட்டினார். ஸ்டாம்ப் பேடை எடுத்துத் திறந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. ரேகையைத் திருப்பிக் கொடுக்க ரேகை வாங்குவதா? மாஜிஸ்திரேட்டும் அதையே யோசித்திருக்க வேண்டும். “வேண்டாம், கீறல் போடச் சொல்லி நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள்” என்றார். பெரியவர் பேனாவைப் பிடித்து ஒரு கீறல் போட்டார். காகிதத்தில் வரிசையாக இருந்த பத்துக் கறுப்பு வட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இம்புட்டுத்தானா சார்?” என்று கேட்டு, நாலாக மடித்து, துண்டின் நுனியில் முடிந்துகொண்டு போனார்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய மகன், இருபத்திரண்டு வயது, கல்லூரி முடித்தவன். நண்பர்களோடு போன இடத்தில் நடந்த ஒரு சண்டையில், போலீஸ் எழுதிக்கொண்ட பத்துப் பெயர்களில் அவனும் ஒருவன். கடுமையான பிரிவு. விரல், போட்டோ, ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். பிறகு அவன் அந்த இடத்திலேயே இல்லை என்று தெரிந்து, குற்றப்பத்திரிகையில் அவன் பெயர் இல்லாமல் விட்டுவிட்டார்கள். “விட்டுட்டாங்களே, அப்புறம் என்ன?” என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்களாம். அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. “அந்த ரத்தம் எங்கே சார் இருக்கும் இப்போ?” என்றார்.

மனு எழுதிக் கொடுத்தேன். கை பழைய வழக்கத்தில், “மேற்படி பதிவுகளையும் மாதிரிகளையும் அழிக்கவோ, மனுதாரரிடம் ஒப்படைக்கவோ உத்தரவிட” என்று எழுதிவிட்டது. புதுச் சட்டத்தை எடுத்து ஒருமுறை சரிபார்த்தேன். ஒப்படைப்பது என்ற பேச்சே அதில் இல்லை. அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்துவிட்டு, ஓரத்தில் அவர் மகனிடம் சுருக்கொப்பம் வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.